மண்ணை உறையவைத்துத் தோண்டும் முறை: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், நிலத்தடியில் உள்ள ஈரமண்ணை உறையவைத்து அதன் நடுவே சுரங்கம் தோண்டும் முறையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அடித்தளப் பொறியியலில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்கியதைக் கண்டு மகிழ்ந்தேன். முறையின் அடிப்படையைக் கட்டுரையாளர் சரியாகவே விளக்கியிருக்கிறார். ஆனால், உறைந்த மண் கான்கிரீட்டுக்கு நிகரான உறுதி உடையது, ஆகவே மண்சரிவு என்ற அச்சத்துக்கே இடமில்லை என்று பொருள்பட அவர் முடித்திருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை கையாளப்பட்ட இடங்களிலேயே பெரிய விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூடக் கட்டுரையில் இடம்பெறவில்லை. அந்த விபத்துகளைக் கூர்ந்து பார்ப்பவருக்கு, பனிச்சுவர் எவ்வளவு உறுதியானது என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். அந்தச் சுவர் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதை யார் அளக்கிறார், அளந்தவர் வேண்டாம் என்றால் வேலை நிற்குமா என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கும்.

கட்டுரையைப் படிக்காத வாசகர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே மணலிலோ வண்டலிலோ பள்ளம் எடுத்தால், உள்ளே பாயும் நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். இதைத் தடுக்க, தோண்டவேண்டிய பகுதியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில் துளைகள் இட்டு, அடி மூடிய எஃகுக் குழாய்களை இறக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். மைனஸ் 25, மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கப்பட்ட கால்சியம் குளோரைடு கரைசல் அந்த உட்குழாய் வழியே அடிவரை இறங்கி, வெளிக்குழாயின் சுவரை ஒட்டி மேலேறி, சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு குளிரூட்டும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. குல்பி விற்பவர் பானையில் ஐஸோடு கல்லுப்பைச் சேர்ப்பது எந்த இயல்பை நம்பியோ, இங்கு உப்பைக் கரைப்பதும் அதே இயல்பை நம்பித்தான்: உப்பு கலந்த நீர் பூச்சியம் டிகிரிக்கு வெகு கீழே போனாலும் உறையாமல் ஓடும். நாளாக நாளாக ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் உறைந்த மண் ஓர் உருளையாகத் தடித்து வளரும். பக்கத்துப் பக்கத்து உருளைகள் ஒன்றையொன்று தொட்டு இணைந்ததும் அது நீர்புகாத சுவராகிறது. இதற்குப் பல வாரங்கள் ஆகும். அவசரம் என்றால், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் குழாய்களில் விட்டுச் சில நாட்களிலேயே உறையவைக்கலாம். அதற்குச் செலவு மிக அதிகம். ஆவியான நைட்ரஜன் சுரங்கத்துக்குள் கசிந்தால், மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு அங்கிருப்பவர்களுக்கு மூச்சுக்காற்று இல்லாமல் செய்துவிடும் என்பதால் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த தொழில்நுட்பம் அல்ல. கட்டுரையில் ‘நவீன’ என்ற சொல் பலமுறை வந்ததால் இதைக் குறிப்பிடுகிறேன். ஜெர்மனியின் சுரங்கப் பொறியாளர் ஹெர்மன் பெட்ச் 1883-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பே, 1862-இல், தெற்கு வேல்ஸில் ஒரு சுரங்கக் கிணறு இவ்வாறு இறக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. ஐரோப்பாவின் நிலக்கரிச் சுரங்கக் கிணறுகள் பலவும் நீர் நிறைந்த மணல் அடுக்குகளை இப்படித்தான் கடந்தன. 1930-களில் மாஸ்கோ மெட்ரோவின் நகரும் படிக்கட்டுகளுக்கான சரிவுச் சுரங்கங்களும், 1955 முதல் சீனாவின் நிலக்கரிச் சுரங்கக் கிணறுகளும் இவ்வழியே வந்தவை. ஆக, ஏறத்தாழ 140 ஆண்டு அனுபவம் இந்தத் துறைக்கு இருக்கிறது. அத்தனை அனுபவத்துக்குப் பிறகும் ஷாங்காயில் நடந்தது நடந்தது.

ஷாங்காய் மெட்ரோவின் 4-ஆம் வழித்தடம் ஹுவாங்பு ஆற்றுக்கு அடியில் செல்கிறது. இரட்டைச் சுரங்கங்கள் இரண்டும் இயந்திரத்தால் தோண்டி முடிக்கப்பட்டிருந்தன. எஞ்சியிருந்தது அவ்விரண்டையும் இணைக்கும் குறுக்குப் பாதை மட்டுமே. சுரங்கத்தில் தீ பிடித்தாலோ ரயில் நின்றுவிட்டாலோ பயணிகள் ஒரு சுரங்கத்திலிருந்து மற்றதற்குத் தப்பிச் செல்வதற்கான வழி அது. நீளம் மிகக் குறைவு. ஆனால், மெட்ரோ வேலையில் மிக அபாயமான கட்டங்களில் ஒன்று இந்தச் சிறு பாதைதான். முதன்மைச் சுரங்கத்தைத் தோண்டும் இயந்திரம் முன்புறம் மண்ணையும் நீரையும் அழுத்திப் பிடித்துக்கொண்டே நகரும்; பின்னால் கான்கிரீட் வளையங்கள் உடனுக்குடன் பொருத்தப்படும். குறுக்குப் பாதைக்கு அந்த வசதி கிடையாது. முடிந்த வளையத்தை வெட்டித் திறந்து, தொழிலாளர்கள் நேரடியாக மண் முகத்துக்கு எதிரே நின்று தோண்டவேண்டும். ஷாங்காயில் அந்த இடம் தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழத்தில், அழுத்தத்தோடு நீரைத் தாங்கி நிற்கும் மணல் அடுக்கை ஒட்டி அமைந்திருந்தது. அந்த மண்ணை உறையவைத்துத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

2003 ஜூன் மாதக் கடைசியில் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி நின்றது. மண்ணின் வெப்பநிலை ஏறத் தொடங்கியது. உறையவைக்கும் திட்டமே முதலில் வகுத்ததைவிடக் குறைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. தோண்டுவதை நிறுத்தி, மறுபடியும் முழுமையாக உறையும்வரை காத்திருக்கவேண்டிய நேரம் அது. ஆனால் வேலை தொடர்ந்தது. ஜூலை 1 அதிகாலையில் மணலும் நீரும் குறுக்குப் பாதை வழியே சுரங்கத்துக்குள் கொட்டத் தொடங்கின. சுரங்கத்தின் ஒரு பகுதி நசுங்கியது. மேலே தரை உள்வாங்கியது. ஆற்றங்கரைக் கட்டடங்கள் சாய்ந்தன, இடிந்தன. ஹுவாங்பு ஆற்றின் வெள்ளத்தடுப்புச் சுவரும் சேதமடைந்தது. ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிரிழப்பு இல்லை. நேரடி இழப்பு மட்டும் சுமார் 15 கோடி யுவான். உடைந்த பகுதியைச் சீரமைக்கத் தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் ஆழத்துக்குத் திறந்த பள்ளம் எடுக்க வேண்டியிருந்தது. வட்டமாகச் செல்லும் அந்த வழித்தடம் முழுமை பெற 2007-ஆம் ஆண்டின் இறுதிவரை ஆயிற்று.

இந்த நிகழ்வில் பனி முன்னறிவிப்பு இல்லாமல் கைவிட்டுவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குளிர் போதவில்லை என்பதைக் கருவிகளே காட்டிக்கொண்டிருந்தன. இயந்திரம் நின்றதற்கும் நீர் பாய்ந்ததற்கும் இடையே நாட்கள் இருந்தன. பனிச்சுவர் திடீரென்று முறிந்துவிடுவதில்லை. அதன் தேய்வை வெப்பநிலை ஏட்டில் நாளுக்கு நாள் படித்துவிடலாம். படித்தவரின் பேச்சுக்கு வேலைத்தளத்தில் மதிப்பு இருந்ததா என்பதுதான் ஷாங்காய் எழுப்பும் கேள்வி.

பனி ஏன் எல்லா இடங்களிலும் ஒரே சீராக வளர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் இணைக்கப்பட்டிருந்த படம் அதை மிக அழகான, சம தடிப்புள்ள சுவராகக் காட்டியிருந்தது. முதல் எதிரி, ஓடும் நீர். தேங்கி நிற்கும் நிலத்தடி நீரை உறையவைப்பது எளிது. அந்த நீர் ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தால், குழாய் எடுக்கும் வெப்பத்தைப் புதிய நீர் மறுபடியும் கொண்டுவந்து கொட்டும். நீரோட்டம் நாளொன்றுக்கு ஓரிரு மீட்டரைத் தாண்டினாலே உப்புக் கரைசல் முறை திணறத் தொடங்கும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுவர் பெரும்பகுதி மூடிக்கொண்டதும், முன்பு பரந்த இடத்தில் மெல்லக் கசிந்த நீர், மீதமுள்ள ஒற்றை இடைவெளி வழியே நெருக்கியடித்துக்கொண்டு வேகமாக ஓடும். அதனால் கடைசி இடைவெளிதான் மூட மறுக்கும். நூறு குழாய்களில் தொண்ணூற்றொன்பது அருமையாக வேலை செய்கின்றன என்ற அறிக்கை ஒரு மேலாளருக்கு நிறைவு தரலாம்; பொறியாளர் கேட்கவேண்டியது அந்த நூறாவது குழாயைப் பற்றி.

இரண்டாவது, துளையின் கோணல். துளையிடும் இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆழத்தில் சிறிது விலகும். 30 மீட்டர் ஆழத்தில் ஒரு விழுக்காடு விலகினாலே அது 30 சென்டிமீட்டர். அடுத்தடுத்த இரு குழாய்கள் எதிரெதிர்த் திசையில் விலகினால், தரைமட்டத்தில் ஒரு மீட்டராக இருந்த இடைவெளி அடியில் 1.6 மீட்டராகிவிடும். உருளைகள் இணைய ஆகும் காலம், தோராயமாக இடைவெளியின் வர்க்கத்தை (இடைவெளியை அதாலேயே பெருக்கிய அளவை) ஒட்டிக் கூடும் என்பதால், அந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டரை மடங்கு நாட்கள் தேவைப்படும். நாட்காட்டியைப் பார்த்து ‘ஆறு வாரம் ஆகிவிட்டது, தோண்டலாம்’ என்று முடிவெடுப்பவருக்கு இது தெரியாது. ஒவ்வொரு துளையின் போக்கையும் அளந்து வரைபடத்தில் குறித்து, இடைவெளி மிகுந்த இடங்களில் கூடுதல் குழாயை இறக்கியவருக்கே தெரியும். மூன்றாவது, உப்பு. குழாயில் கசிவு ஏற்பட்டுக் கரைசல் மண்ணில் கலந்துவிட்டால், அந்த இடம் பிறகு எளிதில் உறையாது.

இனி, உறைந்த மண் கான்கிரீட்டுக்கு நிகர் என்ற கூற்றுக்கு வருகிறேன். நன்றாக உறைந்த மணல் பல மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதே மைனஸ் 10 டிகிரியில் களிமண்ணின் வலிமை மணலினுடையதைவிடக் குறைவு; களிமண் துகள்களை ஒட்டிய நீரில் ஒரு பகுதி பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாமல் இருப்பதே காரணம். மேலும், தொடர்ந்து சுமை ஏறி நிற்கும்போது பனி மெல்ல மெல்ல ஊர்ந்து வளையும். ஒரு நாளுக்குத் தாங்கும் சுமையை மூன்று மாதத்துக்கும் தாங்கும் என்று கொள்ள முடியாது. ஆகவேதான் வடிவமைப்பாளர்கள் எத்தனை நாட்கள் திறந்து கிடக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த நாட்கள் நீண்டால் கணக்கே மாறும்.

லெனின்கிராடு மெட்ரோவின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. லெஸ்னாயா, ப்ளோஷ்சத் முஷெஸ்த்வா ஆகிய நிலையங்களுக்கு இடையே, பண்டைய ஆற்றுப்படுகை ஒன்றின் நீர் நிறைந்த மணல் சுரங்கத்துக்குக் குறுக்கே கிடந்தது. 1974 ஏப்ரலில் அந்த மணல் தோண்டும் பகுதிக்குள் பீறிட்டுப் பாய்ந்தது. திரவ நைட்ரஜனைக் கொண்டு அந்த மண்ணை உறையவைத்து, சுரங்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, 1975 டிசம்பர் 31 அன்று வழித்தடத்தைத் திறந்தார்கள். அன்றைய அளவுகோலில் அது ஒரு சாதனை. ஆனால் உறைந்த மண் உருகியபின் சுரங்கங்கள் அமிழத் தொடங்கின. இணைப்புகள் வழியே நீரும் மணலும் கசிந்தன. ரயில்கள் ஓட ஓட நிலைமை மோசமாகியது. 1995 டிசம்பரில் அந்தப் பகுதியை மூடி, நீரை நிரப்பிக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் நகரின் பெயரே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாறிவிட்டிருந்தது. வேறு பாதையில் புதிய சுரங்கங்கள் அமைக்கப்பட்டு 2004 ஜூனில்தான் ரயில் மறுபடியும் ஓடியது. எட்டரை ஆண்டுகள் நகரின் வடபகுதி மக்கள் அந்த இடைவெளியைப் பேருந்தில் கடந்தார்கள்.

உறையவைத்துத் தோண்டி முடித்து, ரயிலும் ஓடிய வேலை, இருபது ஆண்டுகள் கழித்துக் கைவிடப்பட்டது என்றால், ‘வெற்றிகரமாகத் தோண்டி முடித்தார்கள்’ என்ற செய்தியோடு நாம் நின்றுவிடக் கூடாது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். பருமணலில் மிகுதி நீர் பக்கங்களில் வெளியேறிவிடுவதால் இதன் விளைவு சிறிது. வண்டலிலும் வண்டல் கலந்த களிமண்ணிலும் கதை வேறு: உறையும் முகப்பு அக்கம்பக்கத்து நீரை உறிஞ்சி அடுக்கடுக்கான பனிவில்லைகளை உண்டாக்க, தரை மேலே எழும்பும். உருகும்போது அந்த இடங்கள் சேறாகித் தளர்ந்து, தரை முன்பிருந்த மட்டத்துக்கும் கீழே இறங்கும். மேலே இருப்பது வெட்டவெளி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நூறாண்டுப் பழமையான சுண்ணாம்புக் காரை வீடுகள் என்றால் விரிசல் நிச்சயம். உருகும் காலத்தில் சிறிது சிறிதாகச் சிமெண்டுக் கரைசலைச் செலுத்தி இந்த இறக்கத்தை ஈடுசெய்யும் வழக்கம் இன்று இருக்கிறது. அதற்குப் பல மாதங்கள் ஆள் இருக்க வேண்டும். திறப்பு விழா முடிந்தபின் ஆள் இருப்பாரா என்பது தனிக் கேள்வி.

ஜெர்மனியின் ராஷ்டாட்டில் 2017 ஆகஸ்ட் 12 அன்று நடந்ததைச் சிலர் இந்த முறைக்கு எதிரான சான்றாகக் காட்டுவதுண்டு. ரைன் பள்ளத்தாக்கின் பரபரப்பான ரயில் பாதைக்கு வெகு அருகே, சில மீட்டர் மண் மூடாக்கின் கீழே, மண்ணைச் சுற்றிலும் உறையவைத்துத் தோண்டும் இயந்திரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த வளையங்கள் இடம்பெயர்ந்து, மேலே தண்டவாளங்கள் அமிழ்ந்தன. ரோட்டர்டாமிலிருந்து ஜெனோவா வரை செல்லும் சரக்குப் போக்குவரத்தின் முதுகெலும்பான பாதை அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. இயந்திரத்தைக் கான்கிரீட்டில் புதைத்தே விட்டார்கள். இங்கு பனி வளையம்தான் தவறியது என்று நான் சொல்லமாட்டேன். பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத் தரப்புகளுக்கிடையே சர்ச்சையாயிற்று. ஆனால் மாற்றுப் பாதை ஏதும் ஏற்பாடு செய்யாமல் ஐரோப்பாவின் முக்கியப் பாதைக்கு அடியில் புகுந்தது துணிச்சலா, அலட்சியமா என்று கேட்கலாம்.

இதையெல்லாம் சொல்வதால் நான் இந்த முறைக்கு எதிரானவன் என்று எண்ணவேண்டாம். பாஸ்டன் நகரில் நெடுஞ்சாலைத் திட்டத்துக்காகத் தெற்கு நிலையத்துக்குச் செல்லும் தண்டவாளங்களுக்கு அடியில் பெரும் கான்கிரீட் பெட்டிச் சுரங்கங்களைத் தள்ளிச் செருகியபோது, மேலே ரயில்கள் நிற்காமல் ஓடின. நிரப்பிய மண், பழைய மரத் தூண்கள், கற்சுவர்கள் என்று என்னென்னவோ புதைந்து கிடந்த அந்தக் கலப்பு நிலத்தை வேறு எந்த முறையாலும் ஒரே கட்டியாகப் பிடித்து நிறுத்தியிருக்க முடியுமா என்பது ஐயம். அங்கும் தரை எழும்பியது. அதை எதிர்பார்த்து, அளந்து, ஜல்லியைச் சரிசெய்து தண்டவாள மட்டத்தைக் காத்தார்கள். பெர்லினில் ஸ்ப்ரே ஆற்றின் கால்வாய்க்கு அடியில் அமைந்த மியூசியம்ஸின்சல் நிலையத்தின் கூடம் பனிக் கவசத்துக்குள்ளே தோண்டப்பட்டு, 2021 ஜூலையில் திறக்கப்பட்டது. நேபிள்ஸ் மெட்ரோவின் 1-ஆம் வழித்தடத்தில் பல நிலையங்கள் இவ்வாறே அமைந்தன. சிமெண்டுக் கரைசலைச் செலுத்தும் கிரவுட்டிங் முறை நுண்மணலிலும் வண்டலிலும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. குளிர் எல்லா மண்ணுக்குள்ளும் புகும். அதுவே இந்த முறையின் மறுக்க முடியாத வலிமை.

கட்டுரையாளர் பெரிதும் வியந்து எழுதியிருக்கும், ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள பனிச்சுவரைப் பற்றி ஒரு சொல். சுமார் 1.5 கிலோமீட்டர் சுற்றளவும் 30 மீட்டர் ஆழமும் 1,568 குழாய்களும் கொண்ட அந்தச் சுவரை 2016 மார்ச் 31 முதல் உறையவைக்கத் தொடங்கினார்கள். அணு உலைக் கட்டடங்களுக்குள் புகும் நிலத்தடி நீர் அதன்பின் வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் நீர் இறைக்கும் கிணறுகளுக்கும், தரையைப் பூசி மழைநீர் இறங்காமல் தடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு. நீர் முற்றிலும் நின்றுவிடவும் இல்லை. 2021-இல் சுவரின் ஓரிடத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறியதும், வேறு சமயங்களில் குளிர்கரைசல் கசிந்ததும் செய்தியாயின. சில மாதங்களுக்கென்றே உருவான ஒரு கட்டுமான உத்தியை ஆண்டுக்கணக்கில் மின்சாரம் கொடுத்துத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. சுரங்கம் தோண்டுவதற்கு அதை முன்மாதிரியாகக் காட்டியது பொருத்தமாக இல்லை.

நம் நாட்டில் இந்த முறை பரவலாக வரக்கூடும் என்று கட்டுரை எதிர்பார்க்கிறது. கொல்கத்தாவின் பவுபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று சுரங்க இயந்திரம் நீர்த்தாங்கு அடுக்கில் இடித்து வீடுகள் இடிந்ததையும், 2022 அக்டோபரில் அதே பகுதியில் குறுக்குப் பாதைக்காகக் கிரவுட்டிங் செய்துகொண்டிருந்தபோது நீர் புகுந்து மறுபடியும் வீடுகள் விரிசல் கண்டதையும் நினைத்தால், இந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. சென்னையிலும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் சுரங்கப் பாதைகளும் குறுக்குப் பாதைகளும் அமைகின்றன; கலங்கரை விளக்கம் பகுதியில் கடற்கரை மணலை ஒட்டியே வழித்தடம் செல்கிறது. ஆனால் ஐரோப்பியக் கணக்கை அப்படியே எடுத்துவர முடியாது. நீர் நிரம்பிய மணலில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 400 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். பூச்சியம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீரைப் பனியாக்க 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதால், அந்த ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 134 மெகாஜூல் ஆகிறது. இது எந்த நாட்டிலும் ஒன்றே. ஆனால் அதற்கு முன் மண்ணைப் பூச்சியம் டிகிரிவரை இறக்க வேண்டுமே! ஜெர்மனியின் நிலத்தடி சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. சென்னையில் அது 28 டிகிரியை ஒட்டி இருக்கும். இந்த வேறுபாட்டால் மட்டும், வெளியேற்றவேண்டிய மொத்த வெப்பம் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுகிறது. சுவர் உருவான பிறகும், சுற்றியுள்ள வெம்மண் அதை இரவும் பகலும் உருக்கிக்கொண்டே இருக்கும். குளிரூட்டும் இயந்திரமோ 40 டிகிரி வெயிலில் தன் வெப்பத்தைக் காற்றில் கொட்ட வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருந்தால் உறைநிலையும் கீழே போகும். இயந்திரம் நின்றால் குளிர்நாடுகளில் கிடைக்கும் அவகாசம் இங்கு அந்த அளவுக்குக் கிடைக்காது.

எனவே, இந்த முறையை இங்கு கையாள முடிவெடுக்கும் மெட்ரோ நிர்வாகங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே சிலவற்றை எழுதிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். உறையவைத்தலையும் தோண்டுவதையும் ஒரே மொத்தத் தொகைக்குள் அடக்கிவிட்டால், குழாய்களைக் குறைப்பதும் நாட்களைச் சுருக்குவதும் ஒப்பந்ததாரருக்கு இலாபமாகிவிடும். மாறாக, குறித்த வெப்பநிலையில் சுவரைக் காத்த ஒவ்வொரு நாளுக்கும் தனியே பணம் கொடுத்தால், காத்திருப்பது அவருக்கு நட்டமாகாது. வெப்பமானிகளைப் பொருத்திப் படிக்கும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடம் விடாமல், நிர்வாகமே நேரடியாகச் சம்பளம் தரும் வேறொரு குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். துளைகளின் கோணல் அளக்கப்படும்வரை, சுவருக்குள் அடைபட்ட நீரின் அழுத்தம் ஏறிச் சுவர் மூடிக்கொண்டதைக் காட்டும்வரை, குறித்த இடங்கள் எல்லாம் குறித்த வெப்பநிலைக்கு இறங்கும்வரை கான்கிரீட் வளையத்தை வெட்டித் திறக்கக் கூடாது. இயந்திரம் நின்ற நேரத்திலிருந்து எத்தனை மணிக்குள் தோண்டும் முகத்தை அடைத்துவிட வேண்டும் என்பதும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மாற்று மின்னாக்கியோடு மாற்றுக் குளிரூட்டும் இயந்திரமும் தளத்திலேயே நிற்க வேண்டும். ஜெனரேட்டர் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு; ஷாங்காயில் பழுதானது குளிரூட்டும் இயந்திரம். பனி உருகி முடியும்வரை தரைமட்டத்தையும் வீடுகளின் விரிசலையும் அளக்கும் பணிக்கும், ஈடுசெய்யும் கிரவுட்டிங்குக்கும் தனி நிதி ஒதுக்கி, அந்த அளவீடுகளை அப்பகுதி மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.

தங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய தளம் ஒன்றுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், வெண்பனி படிந்த குழாய்களைப் படம் எடுப்பதோடு நில்லாமல், முந்தைய நாளின் வெப்பநிலை ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். மிகவும் பின்தங்கிய குழாய் எது, அதன் அருகே வெப்பநிலை என்ன, தோண்டலாம் என்று கையெழுத்திட்டவர் யார், அவருக்குச் சம்பளம் தருபவர் யார் என்று கேட்டு, கிடைத்த விடையை அப்படியே வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அடித்தளப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.